வாய் திறக்காத டிராகன்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், என் பச்சைக் கலர் பென்சில் இன்று காலை காலமானது. சீவிச் சீவியே சீவன் போய்விட்டது. இறுதி ஊர்வலம் மேசையிலிருந்து புறப்பட்டுக் குப்பைக்கூடையில் முடியும். மலர்வளையம் வேண்டாம், புதுப் பென்சில் வாங்கிக் கொடுத்தால் போதும்.

போய்ச் சேர்ந்தவனுக்கு எழுதும்போது சாவு ஜோக்கா என்று வேறு யாராவது திட்டலாம். நீ திட்ட மாட்டாய். "சீவன் போச்சா? சுமார்டா" என்று மார்க் போட்டிருப்பாய். என் கடிகளுக்கு நீ கொடுத்த அதிகபட்சப் பாராட்டே 'சுமார்'தான்.

பென்சில் கட்டையை வீச வாசலுக்கு வந்தேன். உன் அப்பா மொபெட்டில் மல்பெரித் தழைக் கட்டோடு போனார். வண்டி போன பிறகும் அந்த ஈரப் பச்சை வாசனை தெருவிலேயே நின்றது. உன் சட்டையில் எப்போதும் அடிக்குமே, அதே வாசனை. கட்டையை வீசாமல் உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. தருமபுரி மாவட்டத்தின் தலைசிறந்த டிராகன் ஓவியன் இப்போது யார் தெரியுமா? ஐயாதான். போன ஞாயிறு என் படத்தைப் பார்த்து சந்தோஷ் மிக்சர் மெல்வதையே நிறுத்திவிட்டான். அவன் பரீட்சை ஹாலிலேயே மெல்வதை நிறுத்தாதவன். விவரம் பிறகு சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

சந்தோஷ் வூட்டு மாடியில் தகரக் கொட்டகை, நீ இருந்தவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மதியமும். நீ, நான், சந்தோஷ், உன் தங்கச்சி பவித்ரா. நம் கதை ஆட்டத்தில் அவன் மாவீரன், அவள் மந்திரக்காரி, நான் பொருத்தமாகத் திருடன். கதையை நடத்துகிறவன் நீ. "பாலத்துக்கிட்ட வந்துட்டீங்க. என்ன பண்றீங்க?" என்று கேட்பாய். நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம். அது பலித்ததா இல்லையா என்று இருபது முக டைஸ் சொல்லும். வழியில் எதிர்ப்படும் பிசாசு, பூதம் எல்லாவற்றுக்கும் படம் போடுவது என் வேலை.

எல்லாப் படத்தையும் ஒத்துக்கொண்டாய். டிராகனில் மட்டும் முட்டிக்கொண்டோம். நான் மூன்று தலை போட்டேன். முதுகு முழுக்க முள், ஜிம்முக்குப் போன நெஞ்சு, திறந்த வாய் நிறைய நெருப்பு.

"இது டிராகன் இல்லடா. பட்டாசுப் பெட்டி அட்டை."

"பொறாமை."

"முதுகுல இத்தன முள்ளு இருக்குதே, இது எப்படிடா படுக்கும்?"

"டிராகனுக்குக் கட்டில் வாங்கித் தரவாடா நாம வெளையாடறோம்?"

"எங்க படுக்கும், எதத் தின்னும்னு உனக்கே தெரியல. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்?"

அதற்குப் பதிலடியாகத்தான் ஒரு ரப்பர் பல்லியை எடுத்துக்கொண்டு உன் வூட்டுப் புழு ஷெட்டுக்கு வந்தேன். செருப்பை வெளியே விடச் சொன்னாய், கை கால் கழுவச் சொன்னாய், சென்ட் போட்டிருக்கிறேனா என்று நாய் மாதிரி மோந்து பார்த்தாய். பாக்கெட்டை மட்டும் பார்க்கவில்லை.

பட்டுப்புழு தழை தின்னும் சத்தம் மழைத் தூறல் போல இருக்கும் என்று நீயே சொல்லியிருந்தாய். அன்றைக்கு உள்ளே சத்தமே இல்லை. தட்டுத் தட்டாகப் புழுக்கள், மேலே தூவிய சுண்ணாம்பு. ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. தின்னவில்லை, நகரவில்லை.

"செத்துப்போச்சாடா?" என்றேன். என்னை அறியாமல் குரல் இறங்கிவிட்டது.

"தோலுரிக்கப் போகுது. இப்பத் தழையும் போடக் கூடாது, தொடவும் கூடாது. உரிச்சுட்டு எந்திரிச்சதுன்னா பாரு பசிய."

விரல் நீளம்கூட இல்லாத புழு. என் கையில் முடி சிலிர்த்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளக் கூடாதென்று உடனே பல்லியைச் சுவரில் ஒட்டினேன். புழுவைப் பல்லி தின்னும் என்பதை ஒட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"ஐயோ பல்லி!" உன் அம்மா விளக்குமாறோடு பாய்ந்தார். ஒரே அடி. பல்லி எகிறி அவர் காலடியிலேயே விழுந்தது. அவரிடமிருந்து இன்னொரு அலறல்.

"அம்மா, அம்மா, ரப்பருங்க!"

"வெளையாடற எடமாடா இது? ஒரு பல்லி பூந்தா எம்பட புழு என்னாவறது? உன்னைய மொதல்ல மருந்தடிச்சு உள்ள உட்டிருக்கணும்!"

அடுத்த அடி எனக்கு. வாசல் வரைக்கும் துரத்தினார். அப்புறம் அவரே கூப்பிட்டு டீ கொடுத்தார், முறைத்துக்கொண்டே.

நீ சிரிக்கவில்லை. வாலறுந்த பல்லியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏன்டா, எங்கம்மா எதுக்குக் கத்துச்சு? இது வாயத் தொறந்துச்சா? நெருப்பு உட்டுச்சா? சும்மா செவுத்துல இருந்துச்சு. இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. அதான். நம்ம டிராகனும் அப்படி இருக்கணும். தலையத் தூக்கிட்டு, வாய மூடிக்கிட்டு, தோலுரிக்கறதுக்கு முன்னாடி இருக்கற மாதிரி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் நானா? ஆனால் அன்றிலிருந்து எந்த டிராகன் படத்தைப் பார்த்தாலும் அது எங்கே படுக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. போனில் வரும் பளபள டிராகன்களில் பாதி படுக்கவே முடியாது, பாவம். ஆட்டையும் காகத்தையும் பாம்பையும்கூட நிறுத்தி நிதானமாகப் பார்க்கிறேன். உன்னால் என் கண்ணுக்கே வயசாகிவிட்டது. இதற்கு நன்றி சொல்லத்தான் எத்தனையோ முறை வாயெடுத்தேன், ஒவ்வொரு முறையும் கடி ஜோக்தான் வந்து விழுந்தது.

கடைசி ஆட்டத்தில் எங்களைக் குகை வாசலில் நிறுத்தினாய். "அடுத்த ஞாயிறு உள்ள போறோம். டிராகனோட வா" என்றாய். நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் உன் கண்ணீர் அஞ்சலிப் பேனரைப் பார்த்துவிட்டு, போட்டோவில்கூட முறைக்கிறான் பார் என்றேன். சந்தோஷ் சிரித்தான், அப்புறம் அழுதான். நான் வூட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மாதக்கணக்காக யாரும் டைஸைத் தொடவில்லை. ஒருநாள் பவித்ரா எங்கள் வூட்டு வாசலில் வந்து நின்றாள், கையில் உன் டைஸ்.

"அண்ணா, இன்னும் குகை வாசல்லயே நிக்கறோம். நான் நடத்தறேன். நீ டிராகன் வரைஞ்சு எடுத்துட்டு வா. எங்கண்ணன் சொன்ன மாதிரி. உன்ற மாதிரி வேணாம்."

"என்ற மாதிரி வந்துட்டா?"

"ஆட்டத்தையே எடுத்து வெச்சுடறேன். டைஸ அண்ணன் போட்டோகிட்ட வெச்சுடுவேன், அவ்வளவுதான்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. உன் முறைப்பு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

வாரம் முழுக்க வரைந்தேன். ஞாயிறன்று படத்தை நடுவில் வைத்தேன். மெல்வது நின்றது. மிச்சத்தை முதலிலேயே பீற்றிக்கொண்டேன்.

இனி உண்மை. அந்தப் படத்தில் டிராகனே இல்லைடா.

எனக்கு வரவில்லை. தலையைத் தூக்கி வைத்தால் வாய் திறந்துகொண்டது. வாயை மூடினால் ஆடு மாதிரி இருந்தது. தாள் தாளாகக் கிழித்தேன். சனிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் குகையை மட்டும் வரைந்து, தரை நிறையத் தின்னாத தழையாகப் போட்டு ரொப்பினேன். பச்சைப் பென்சில் சாகக் கிடந்தது அன்றிலிருந்துதான். தழைக்கு நடுவே உரித்துப் போட்ட தோல் ஒன்று, குகை நீளத்துக்கு. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

பவித்ரா வெகுநேரம் பார்த்தாள். தோல்மேல் விரல் வைத்தாள்.

"தோலு இங்க கெடக்குது. தழையத் தின்னல. அப்ப, அது எங்க, அண்ணா?"

அவள் டைஸை எடுத்து உன்னை மாதிரியே உள்ளங்கையில் குலுக்கினாள். "உள்ள வந்துட்டீங்க. என்ன பண்றீங்க?"

எல்லோரும் முதுகுப் பக்கம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் திரும்பியவன், மாவட்டத்தின் தலைசிறந்த ஓவியன்தான்.