கொதிக்க வைக்காத பலகை

4-1-1974

இன்று கும்மிடிப்பூண்டி மரக்கடையில் பிளைவுட்டை நக்கிப் பார்த்தேன். படகுப் பலகைக்கென்று தனிப் பசை போடுவார்களாம். ருசியில் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடைக்காரர் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, காலைல நாஷ்டா ஆவலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மச்சான் லோகநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

படகில் பாதி அவனுடையது. என் பெண்டாட்டிக்கு அண்ணன் வேறு. பழைய படகு, அடி மக்கிவிட்டது. கோயில் வாசலில் சீட்டுப் போட்டதில் தை பத்தாம் நாள் ஏரியில் வலை கட்டும் முறை, அதாவது பாடு, எங்களுக்கு. அன்றைக்குப் படகு இறங்காவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். முறை போனால் கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன் என்கிறான் மச்சான்.

"ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணில போட்டுப் பாரு மாப்ள. பிரியலைன்னா வாங்கலாம்" என்றான்.

நான் விடுவேனா? "கடைக்காரரே, ஒரு அடுப்பு, கொஞ்சம் புளி குடுங்க. எங்க மச்சான் ரசம் வெக்கப் போறாரு."

தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் மாதிரி கணீரென்றது. அதையே எடுத்தேன். மச்சான் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

8-1-1974

பலகையை ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டேன். எந்தப் பலகையையும் ஊறவைத்துத்தானே வளைக்கிறோம்.

12-1-1974

எடுத்தேன். ஓரமெல்லாம் வாழைமட்டை மாதிரி பிரிந்து கிடக்கிறது.

பெண்டாட்டி செல்லியம்மாள் பார்த்துவிட்டாள். "எங்கண்ணன் கைல சொல்லிடுய்யா."

"சொன்னா வாழ்நாள் பூரா ரசம் ஊத்துவான்டி."

"நீ ஊத்தலாம், அவன் ஊத்தக் கூடாதா?"

பிரிந்த ஓரத்தின் மேல் கல்லை ஏற்றிக் காயவைத்தேன்.

13-1-1974

போகி. ஊரே பழசைக் கொளுத்துகிறது. இந்தப் புதுசைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

18-1-1974

மச்சான் வருவதற்குள் ஓரத்தில் தார் பூசிவிட்டேன். இரண்டு பேருமாக ஆணி அடித்தோம். முடிந்ததும் அடிப்பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது மாப்ள. நான்தான் சும்மா பேஜாரு பண்ணிட்டேன்" என்றான். "கம்பெனி மேஸ்திரி கைல வரலைன்னு சொல்லிட்டேன். வேற ஆள எடுத்துக்கினாங்க."

ஏன்டா என் வாய்க்கு அப்போது ஒரு கிண்டல்கூட வரவில்லை? உண்மையும்தான் வரவில்லை. சீ.

20-1-1974

 செல்லியம்மாள் என்னோடு பேசுவதில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாமா?

21-1-1974

சொல்லவில்லை.

23-1-1974

விடிந்ததும் படகை இறக்கினோம். எங்கள் இடத்துக்குப் போய் வலைக்கு முதல் கழியை ஊன்றினோம். மச்சான் அழுத்தி மிதித்தபோது அடிப்பலகை பிரிந்தது. அங்கே ஏரி இடுப்பளவுதான். இரண்டு பேரும் அடி போன படகுக்குள்ளேயே சேற்றில் நின்றோம்.

"முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"தெரியும்" என்றேன்.

படகைத் தாண்டி இறங்கிக் கரைக்கு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறைக்காரன் செங்கல்வராயன் தன் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் மிதந்து போயிற்று. மூடி நன்றாக இறுகியிருந்தது.