பலராமன் தொட்ட சுவர்

புதுச்சேரி
18-2-1958

அன்பு மகள் கமலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பிரான்சில் துலோன் துறைமுகத்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள், எனக்கு அவ்வளவு கவலை இல்லை, கப்பல்படைக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்குக் குளிர் தாங்கத் தெரியும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு உன் அம்மா ஒரு நாள் முழுக்கத் தெருவில் நடந்தாள், வேர்த்துக் கொட்டியும் கழற்றவில்லை.

மூன்று கடிதமாக நீ கேட்பது ஒன்றுதான், கல்லூரி நீச்சல் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கிறேனா இல்லையா என்று. ஐம்பத்தெட்டு வயதில் விடியற்காலையில் தண்ணீரில் நின்றுகொண்டு ஊரார் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று எழுதியிருந்தாய். சென்னைப் போட்டி முடியட்டும், சொல்கிறேன் என்றேன். போன சனிக்கிழமை முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் படி.

போன வருஷம் நடந்ததை அம்மா உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருப்பாள், என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். தப்பு என்னுடையது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கு எல்லாம் மீட்டர்தான். அரியாங்குப்பத்தில் மஜீத் பாய் தோப்பில் நீளமாக ஒரு கல் தொட்டி இருக்கிறதே, அதில் இருபத்தைந்து மீட்டர் அளந்து குறுக்கே பலகைச் சுவர் இறக்கி, அங்கேதான் மூன்று வருஷமாக அணியைத் தயார் செய்கிறேன். மல்லாந்து நீந்துகிறவனுக்குச் சுவர் தெரியாது, எத்தனை கை போட்டோம் என்று எண்ணித்தான் திரும்ப வேண்டும். என் அணியில் மல்லாந்து நீந்துகிற பையன் பலராமனுக்குப் பதினெட்டு கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினெட்டு என்பான். சென்னையிலிருந்து வந்த போட்டி நோட்டீஸில் குளத்தின் நீளம் கெஜம் என்றுதான் போட்டிருந்தது. கெஜமாவது மீட்டராவது, தண்ணீர் ஒன்றுதானே என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து கெஜம் என்றால் இரண்டு மீட்டருக்கு மேல் குறைவு, சுவர் முன்னாலேயே வந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. போட்டியில் பிள்ளை பதினாறை எண்ணிவிட்டுப் பதினேழுக்குக் கையைத் தூக்கினான், முழு வேகத்தில் மண்டை போய் இடித்தது. ஆறு தையல்.

அவன் அப்பா சக்கரபாணி கரும்பு போடுகிற விவசாயி. தோப்புக்கே வந்து, அளக்கத் தெரியாதவன்லாம் வாத்தியாரா, ஒனக்கு எம் புள்ள மண்டைதான் கெடச்சுதா என்று கேட்டார். பிரின்சிபால் கத்தவில்லை. இன்னும் ஒரு வருஷம் தருகிறேன், ஏதாவது ஒரு பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வாருங்கள், இல்லாவிட்டால் நீச்சல் அணியைக் கலைத்துவிடலாம் என்றார். அப்படிக் கலைந்தால் உன்னிடம் வந்துவிடுவது என்று நானும் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

பலகையை அரை நாளில் கெஜத்துக்கு நகர்த்தி, பதினெட்டைப் பதினாறாக்கினேன். பலராமன்தான் மாறவில்லை. தையல் பிரித்துவிட்டு வந்தவன் சுவருக்கு நாலு கை இருக்கும்போதே வேகத்தை விட்டுவிடுவான், தலையைத் தூக்கித் திரும்பிப் பார்ப்பான். திட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நானே தொட்டிக்குள் இறங்கி, பலகைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, வாடா, இடிச்சா எங்கையிலதான் இடிப்ப என்றேன். ஐப்பசி மழையிலிருந்து தை வரைக்கும் தினமும் அப்படித்தான். இரண்டு விரல் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை, இதை அம்மாவிடம் எழுதிவிடாதே. சக்கரபாணி காலையில் பால் கறந்துவிட்டுக் கரையில் வந்து உட்காருவார், என்னோடு ஒரு வார்த்தை கிடையாது, மகன் தலையையும் என் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எழுந்து போகும்போது மட்டும், மெட்ராசுக்கு நானும் வரேன், பஸ்ல எடம் இல்லன்னா நின்னுக்கிட்டு வரேன் என்றார்.

சென்னையில் குளத்தின் ஓரத்தில் என்னை விடவில்லை, மேலே படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் சக்கரபாணியும் பக்கத்துப் பக்கத்தில். பலராமன் நாலு நீளம் போக வேண்டும். முதல் நீளம் சரியாகப் போனான். இரண்டாவதில் தலையைத் தூக்கினான், ஐந்தாவது ஆளாகப் பின்தங்கிவிட்டான். மூன்றாவதில் தூக்கவில்லை. கடைசி நீளத்தில் நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன், பதினொன்று, பன்னிரண்டு, சுவர் கிட்டே வருகிறது, வேகம் குறையவே இல்லை. என்னோடு இன்னொரு குரலும் எண்ணியது. திரும்பிப் பார்த்தால் சக்கரபாணி, உள்ளங்கையை விரித்துக் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவருக்கே அது தெரியாது. பதினாறில் பலராமன் சுவரைத் தொட்டான். மூன்றாம் இடம். உன்னிடம் என்ன மறைப்பு, அழுதுவிட்டேன். சக்கரபாணி தோளிலிருந்த துண்டைக் கொடுத்து, நாலு பேரு பாக்குறாங்க வாத்தியாரே, மூஞ்சியத் தொடைங்க என்றார், அவர் முகமும் நனைந்துதான் இருந்தது. மற்றவர்கள் தொடர் நீச்சலில் நாலாவதாக வந்தார்கள், அது போதாது, அடுத்த வருஷம் கவனிக்கிறேன்.

நேற்றுப் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பி, ஜூனில் எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்றார். முப்பது என்றேன். தொட்டி கொள்ளாதே என்றார். அப்படியானால் குளம் வெட்டுங்கள் என்றேன், வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்பைக் காட்டி, வியாழக்கிழமை மேஸ்திரி வருகிறார், எங்கே வெட்டுவது என்று நீங்களே நின்று அடையாளம் போடுங்கள் என்றார்.

அதனால் கமலா, நான் வரவில்லை. இத்தனை நாள் உன் கட்சியில் இருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, வரலன்னு நீங்களே எழுதுங்க, எங்கையால எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாயசத்துக்குப் பால் வைத்தாள். நீ கோபப்படுவாய், படு, உனக்கு அந்த உரிமை உண்டு. மாப்பிள்ளை கப்பல் ஏறும் நாட்களில் தனியாகப் பட்டினி கிடக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. அவர் துறைமுகக் கடைகளில் ஒரு நல்ல ஸ்டாப் வாட்ச் பார்த்து வைக்கட்டும், மறக்க வேண்டாம். தீர்க்காயுசாக, மனநிறைவாக, இருவரும் எல்லாம் பெற்று வாழ வேண்டும். அடுத்த வருஷம் லீவில் வரும்போது அப்பாவை வீட்டில் தேடாதே அம்மா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சவுக்குத் தோப்பு இருந்த இடத்துக்கு வந்துவிடு.

என்றும் உன் அப்பா,
அரிகிருஷ்ணன்