பனிக்குள் ஒரு மாடி

என்னைக் கடைசிவரை 'சந்தேகச் சரசு' என்றே கூப்பிட்ட என் அன்பு அண்ணாவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. மஞ்சூரில் மழை ஓய்ந்துவிட்டது. உன் தூரிகைகள் என்னிடம்தான் இருக்கின்றன. வீணாகக் காய்கின்றனவே என்று எடுத்தேன், இப்போது நானும் வரைகிறேன். சிரிக்காதே.

குந்தா பவர் ஹவுஸில் ஞாயிறு லீவு கிடைத்தால் போதும், ஊட்டி பஸ்ஸில் ஏறிவிடுவாய். அடுக்குமாடி வரையப் போகிறேன் என்பாய். நான் துளியும் நம்பவில்லை. ஏரியும் தேயிலைத் தோட்டமும் இருக்கிற ஊரில், சாயம் போன கட்டடத்துக்காக ஒருத்தன் வாராவாரம் போவானா? "மலை அசையாம கெடக்குது சரசு. ஜன்னல்ல மனுஷங்க அசையறாங்க" என்றாய். மழுப்பல் என்றே நினைத்தேன்.

இரண்டு மாதம் முன்பு நானே போனேன், உளவு பார்க்கத்தான். உன் கட்டடம் ரோட்டிலிருந்து பார்த்தால் குள்ளம், ஓடைப் பக்கம் இறங்கிப் பார்த்தால் நெட்டை. ஒரு ஜன்னலில் ஏழு ஸ்வெட்டர் காய்ந்தது. இன்னொன்றில் ஒரு பெரியவர் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நீ சொன்னது பொய்யில்லை அண்ணா. நோட்டை எடுத்தேன்.

அவ்வளவுதான், ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. காகிதமும் பென்சிலுமாக ஒருத்தி கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால், அனுமதியில்லாமல் கட்டிய கூடுதல் மாடிக்கு நோட்டீஸ் ஒட்ட வந்தவள் என்றுதானே மலைக்காரர்கள் நினைப்பார்கள்?

"ஏனுங்க, எந்த ஆபீஸுங்க நீங்க?" என்றார் ரேடியோக்காரர்.

"ஆபீஸ் இல்லீங்க, படம் வரையறனுங்க."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நாலைந்து ஞாயிறு போய் வரைந்தேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, நீலத் தார்ப்பாய், டப்பாக்களில் சிவப்பு ஜெரேனியம் பூ. படத்துக்கே அதுதான் உயிர். ஊட்டியில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். திறப்பு விழாவுக்கு அதிகாரிகளெல்லாம் வருகிறார்களாம். பெருமை தாங்கவில்லை எனக்கு.

கொடுப்பதற்கு முன் நிறத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கப் போன அன்று, அந்த அறைக்காரி இறங்கி வந்தாள். ஸ்டெல்லா அக்கா, மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவள். என் மூக்கையே பார்த்தாள்.

"படக்காரருக்குத் தங்கச்சிங்களா நீங்க? அவரு ஏனுங்க இப்பல்லாம் வர்றதில்ல?"

சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என் ரூமு பிளான்ல இல்லீங்க. அதிகாரி கண்ணுல பட்டா இடிச்சுப்போடுவாங்க. உங்கண்ணன் அதும்மேல பனி போட்டுருவாருங்க."

வீட்டுக்கு வந்ததும் உன் பெட்டியைத் திறந்தேன். எல்லாப் படத்திலும் உச்சியில் பனி. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கிற படத்திலும் மேலே பனி. "மேல வரையச் சோம்பேறித்தனம், பூசிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, ஒரு தடவையாவது மறுத்தாயா? தங்கச்சியிடம்கூடச் சொல்லக் கூடாதா? சரி, என் வாய் உனக்குத் தெரியும்.

நேற்று வெள்ளையைக் கரைத்தேன். முதலில் தகரக் கூரை, அப்புறம் தார்ப்பாய். ஜெரேனியத்தை மூட மட்டும் கை வரவே இல்லை. அழுதுகொண்டே மூடினேன். இனி என்னையும் சோம்பேறி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை அண்ணா. அந்தப் பனி அதிகாரிகளுக்காக மட்டும்தானா? அவள் அழுத அழுகையை நான் பார்த்தேன். ஆனால் கேட்க மாட்டேன், உன்னிடமும் அவளிடமும். நான் கேட்காமல் விடுகிற முதல் கேள்வி இதுதான். ஞாயிறு பஸ்ஸில் இனி நான் போகிறேன். அந்த அறை இருக்கிறவரை அதன் மேல் பனி இருக்கும்.

உன் மூக்கோடு பிறந்த தங்கச்சி,
சரசு