பதினாறு சட்டைக்கும் இடது கை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இதுவரை உனக்குப் போட்ட கடிதங்களில் சுகம் என்று எழுதியது பாதிக்குப் பாதி பொய். இந்தத் தடவை முக்கால்வாசி நிஜம். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி. பயப்படாதே, யாருக்கும் உயிர் போகவில்லை.

முதலில் சிரிக்கிற விஷயம். போன மாதம் ஒரு பெரிய ஓட்டலில், பரிமாறுகிறவர்களுக்குப் பதினாறு முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். தைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கி அனுப்பினேன். மறுநாளே மேனேஜர் போன் செய்து, எங்கள் ஆட்களுக்கு வலது கை முன்னால் வரமாட்டேன் என்கிறது, தட்டைத் தூக்க முடியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். நான் விடுவேனா? துணி சரியில்லை என்றேன். இஸ்திரிக்காரர் இழுத்துவிட்டார் என்றேன். உங்கள் ஆட்களுக்குத் தோள் கோணல் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சட்டைகள் திரும்பி வந்தன. விரித்துப் பார்த்தால், அடிப்பாவி, முப்பத்திரண்டு கையும் இடது கை! துணியை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேரும்படி மடித்து வெட்டினால்தான் இடமும் வலமும் ஜோடியாக வரும். மெஷினில் உட்கார்ந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம் அது. இருபத்திரண்டு வருஷமாக வெட்டுகிறவள், எல்லா அடுக்கையும் ஒரே பக்கமாக விரித்து வெட்டித் தள்ளியிருக்கிறேன்.

காரணம், வெட்டுகிற மேஜையில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் என் போன். அதில் ரம்மி. காசு வைத்து ஆடுகிற ரம்மி, அக்கா. ஒன்றரை வருஷமாக.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வலது பக்கத்துக் கைகளைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தேன். மூன்றாவது சட்டை. பிரித்த நூல் இன்னும் வாயில் இருக்கிறது, பார்த்தால் என் கட்டைவிரல் போனில் சீட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. எப்போது எடுத்தேன், எப்போது பந்தயம் வைத்தேன், ஒன்றும் நினைவில்லை. இந்த ஆட்டத்தால் வந்த தப்பைத் திருத்த உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிறேன். நாளைக்கு விட்டுவிடலாம், ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு விடலாம் என்று எனக்கு நானே சொன்ன கதையெல்லாம் அன்றைக்குத்தான் சாயம் வெளுத்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளெல்லாம் பஸ் ஓட்டி, குறுக்கே வருகிறவனைக்கூடத் திட்டாத மனுஷன். வாயில் இருந்த சோற்றை நிதானமாக மென்று முடித்து, இரண்டு கையும் இடது கையாக இருக்கிற பதினாறு பேரை இனி எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார். பிறகு மெதுவாக, நீ போனோடு குளியலறைக்குப் போனால் தண்ணீர்ச் சத்தமே கேட்காதே, எனக்கு எப்போதோ தெரியும், கேட்கத்தான் பயமாக இருந்தது என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பணம் எவ்வளவு போனது என்று அவரிடம் சொல்லியாயிற்று, தைத்துத் தீர்த்துக்கொள்வேன், நீ ஒரு பைசா அனுப்பக் கூடாது.

அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனநலப் பிரிவு என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே எங்கள் தெருக்காரி ஒருத்தி வேறு. சட்டென்று கண் டாக்டர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்து கண்ணைக் காட்டி, கண்ணாடிக்குச் சீட்டும் வாங்கிவிட்டேன்! அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆலோசனை சொல்கிறவள் உன் சின்ன மகள் வயசுப் பெண். பத்துக் கேள்வி கேட்டாள். ஒளித்து ஆடினீர்களா, விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடினீர்களா, நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதா, இப்படி. பத்துக்கு ஒன்பது ஆமாம். பள்ளிக்கூடத்தில் ஒருநாளாவது நான் இந்த மார்க் வாங்கியிருப்பேனா? அவள் சிரிக்கவில்லை. இது கெட்ட புத்தி இல்லை, நோய், இதிலிருந்து எத்தனையோ பேர் மீண்டிருக்கிறார்கள் என்றாள். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் தெரியுமா?

புதன்கிழமைதோறும் அங்கே எங்களைப் போன்றவர்களுக்குக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து உண்மையைப் பேச வேண்டும். ஒரு பழக்கடைக்காரர், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். வாத்தியார் முப்பது வருஷம் நிகழ்தகவு நடத்தியவராம், தோற்பது நிச்சயம் என்று கரும்பலகையில் நிரூபித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆடுவாராம். பெண் நான் ஒருத்திதான். அதனால் அறுந்த பித்தான் எல்லாம் என்னிடம் வருகிறது. ஆடாமல் இன்றோடு முப்பத்துநான்கு நாள். இப்போது என்னிடம் இருப்பது பட்டன் போன். ஓட்டலுக்கும் புதுக் கை வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் மதியம் மூன்று மணிக்குக் கை துறுதுறுவென்று வந்துவிடுகிறது அக்கா. கடையில் கூட்டம் ஓய்கிற நேரம்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அத்தானுக்கு ஆபரேஷன் நடந்த அன்று நீ மூன்று தடவை போன் செய்தாய். சார்ஜ் போய்விட்டது என்று அப்புறம் சொன்னேன். சார்ஜ் இருந்தது. மூன்று தடவையும் நான்தான் கட் செய்தேன். கையில் நல்ல சீட்டு இருந்தது, அவ்வளவுதான் காரணம். நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றிருக்கிறாய், நான் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதவே கூசுகிறது.

அந்த ஆலோசனைப் பெண் ஒரு படிவம் கொடுத்திருக்கிறாள். ஆடத் தோன்றும்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அதில் ஒரே ஒரு ஆளை எழுத வேண்டும். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். கூட இருக்கிறவரைப் போலீஸ்காரர் ஆக்காதீர்கள், நீங்கள் பொய் சொன்னால் குரலிலேயே கண்டுபிடிக்கிற ஆள் யார் என்றாள். உன்னைக் கேட்காமலே உன் நம்பரை எழுதிவிட்டேன். வரும் புதன் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் சொல்லு, கோடு போட்டு அடித்துவிடுகிறேன். வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. திட்ட வேண்டுமென்றால் ஆசை தீரத் திட்டு, ஒரு வாரம் பேசாமலும் இரு. ஆனால் மூன்று மணிக்கு உன் போன் அடித்தால், எடு அக்கா.

அத்தானை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். சின்னவளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
நீ எடுப்பாய் என்று நம்பியிருக்கும்
தங்கை