கான்டெசாவுக்கு மீன் எண்ணெய்

மே 9, வெள்ளி

மேற்கேயிருந்து கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். துறைமுக வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். புன்னைக்காயல் மாதா கோயிலுக்கு அவள் எந்தக் காரில் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. என் வீட்டுக்காரருடைய பழைய கான்டெசாவா, என் சின்னக் காரா?

கான்டெசா: வள்ளம் மாதிரி நீளம். பின் சீட்டில் கவுன் கசங்காது. எங்கள் தெருவில் திருப்ப எதிர்வீட்டு கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஏ.சி. நினைத்தால் வேலை செய்யும்.

சி.கா.: கைக்கு அடக்கம். இரண்டு லாரிக்கு நடுவே நுழைந்து வந்துவிடுவேன். இதுவரை ஒரு கீறல் கிடையாது. கவுனுக்குத்தான் இடம் கொஞ்சம் இடிக்கிறது.

என்னைக் கேட்டால் சி.கா.தான். ஆனால் நான் ஓட்டி இவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கப்பல் இன்ஜினியராக உலகம் சுற்றியவர். பயம் என்று சொல்ல மாட்டார். "கால நீட்ட முடியலளா" என்பார். அது எனக்கு வருத்தம்தான்.

மே 11, ஞாயிறு

பூசை முடிந்து கடைத்தெரு. குண்டூசி, வெள்ளை ரிப்பன். டெய்லர் போனை எடுக்கவில்லை.

மத்தியானத்திலிருந்து இவர் கான்டெசாவுக்கு அடியில். உப்புக்காற்றில் தகடு துருப்பிடிக்கிறதாம். இவர் குடும்பத்தில் வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயை ஊரிலிருந்து ஒரு கேன் வரவழைத்து, அடி முழுக்கப் பூசிவிட்டார். நாறுமே என்றேன். காய்ந்தால் போய்விடும் என்றார். இன்ஜினியரிடம் நான் என்ன பேச!

மே 13, செவ்வாய்

வாடை குறைந்த மாதிரி இருக்கிறது. எதிர்வீட்டுப் பூனை மட்டும் காருக்கு அடியிலேயே படுத்திருக்கிறது. நாளைக்குக் கான்டெசாதான் என்று முடிவு. விட்டுக்கொடுத்தேன்.

மே 14, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வலி. எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் கான்டெசாவுக்குப் பூ கட்டியாயிற்று. இவர் கோட்டும் டையுமாக ஏறி, தெருமுனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். சைலன்ஸர் சூட்டில் எண்ணெய் புகைந்து தெருவே கருவாட்டு நாற்றம். ஜெனிட்டா கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"டாடி, நான் இதுல வரல. மம்மி ஓட்டட்டும்."

சின்னப் பிள்ளையில் அவள் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்றே, கல்யாணத்துக்கும் இந்தக் கார்தான் என்று சொல்லி வைத்திருந்தவர். முகம் செத்துவிட்டது. பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பின் சீட் முழுக்கக் கவுன். இவருக்கு என் பக்கத்து சீட்தான். காலை மடக்கி ஏறினார். ஆத்தூர் தாண்டும்வரை மேல்கைப்பிடியை விடவில்லை. வலை கிடந்த சந்துக்குள் நுழைந்து, கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கான்டெசா என்றால் பிள்ளை மணலில் நடந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது, மகளுக்குக் கேட்காமல் சொன்னார்: "நல்லாத்தான்ளா ஓட்டுத."

பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மே 16, வெள்ளி

வெயில். வீடு வெறிச்சென்று இருக்கிறது. வாடகைப் பாத்திரம் எண்ணிக் கொடுத்தாயிற்று. கான்டெசாவை மறுபடி சோப்பு போட்டுக் கழுவினார். பூனை போவதாக இல்லை.

சாயங்காலம் மீன் வாங்கக் கிளம்பினோம். ஆணியிலிருந்து என் கார்ச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவரே போய் இடது பக்கம் ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டிக்கொண்டார்.