நான்காவது சுற்று

ஜூன் 4, 2025, புதன்

ஒன்பது நாள் லீவு கிடைத்துவிட்டது. ஷூ கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் என்னுடையது. இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறமா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். ஆர்டர் கம்மி என்பதால் சூப்பர்வைசர் துரைசாமி அண்ணன் உடனே கையெழுத்துப் போட்டார். "கல்யாணத்துக்கே நாலு நாள்தான் கேக்கறாங்க, செஸ்ஸுக்கு ஒம்போது நாளாமா?" என்றார். கல்யாணத்தில் நார்ம் கிடைக்காது அண்ணா என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

21 முதல் 29 வரை வேலூரில் மகளிர் சர்வதேசப் போட்டி. பத்துப் பேர், ஒன்பது சுற்று. எனக்கு ஆறு புள்ளி எடுத்தால் நார்ம், அதாவது பட்டத்துக்கான ஒரு தகுதிச் சான்று. மூன்று நார்ம் சேர்ந்தால்தான் மாஸ்டர் பட்டம் பக்கமே போகலாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. சான்றிதழ் ஃபைலில் மூன்றாவது பிளாஸ்டிக் உறை நான்கு வருடமாகக் காலி. போன மாதம் அம்மா அதில் ரேஷன் கார்டை வைத்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கினாள்.

ஒரு நிபந்தனை உண்டு. எதிரே உட்காருகிறவர்களில் நான்கு பேராவது வெளிநாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதையும் ஜெயித்தாலும் நார்ம் கிடையாது. போட்டியை நடத்தும் எங்கள் கிளப் செயலாளர் மதியழகன் சார் ஐந்து பேரைப் பிடித்துவிட்டார். இலங்கை, மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், ஈரான், பங்களாதேஷ். பங்களாதேஷிலிருந்து வருவது, போட்டிகளில் எதிரெதிரே ஆடிப் பழகிய என் தோழி மஹ்பூபா.

ஜூன் 9, திங்கள்

மஹ்பூபா போன் செய்தாள். விளையாட்டுக்கு விசா தரவில்லை. போன வருடம் அவர்கள் நாட்டில் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து இந்தியா அவர்களுக்கு வைத்திய விசா தவிர மற்றது எதுவும் சுலபமாகத் தருவதில்லையாம். ஆனால் அவள் எப்படியும் வேலூருக்கு வருகிறாள். அவள் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு நோயாளி விசா, துணைக்கு வரும் இவளுக்கு அட்டெண்டர் விசா.

"ஹால் வாசல் வரை வரலாம், உள்ளே உட்காரக் கூடாது. நல்ல தமாஷ் இல்லையா?" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். மீதி நான்கு பேர் இருக்கிறார்கள், போதும் என்று உடனே எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

ஈரானில் குண்டு. வான்வெளி மூடிவிட்டார்கள். அந்தப் பெண் வர வழியில்லை.

இப்போது மூன்று பேர்.

ஜூன் 14, சனி

மதியழகன் சார் காலையிலிருந்து பத்து நாடுகளுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டார். ஒரு வாரத்தில் விசா எடுத்து யார் வருவார்கள்? மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"ஷர்மி, அந்த டாக்கா பொண்ணு எங்க தங்கப் போவுது?"

"காந்தி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ் சார்."

"நம்ம ஹாலுக்கு நடந்தா பத்து நிமிஷம். ஆளு இங்கதான் இருக்கப் போவுது. விசாவுல இன்னா எழுதியிருக்குன்னு செஸ் போர்டா கேக்கும்? நீ பேசு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்லாது."

அதுதான் எனக்கும் தெரியும். நான் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள்.

ஜூன் 16, திங்கள்

வேலை முடிந்து நேராக வேலூர், மஹ்பூபா வந்து இறங்கியிருக்கும் லாட்ஜுக்கு. ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிப் போனேன். லாட்ஜ் மேனேஜர் கவுஸ் பாஷா பாய் நோட்டில் என் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுத வைத்துத்தான் மாடிக்கு விட்டார். எல்லா அறை வாசலிலும் வாடகை அடுப்பு, மீன் வாசனை, வங்காளிப் பேச்சு. மஹ்பூபா இளைத்திருக்கிறாள். ஆன்ட்டி என் கன்னத்தைத் தொட்டார். குரல் ரொம்பக் கம்மி. கட்டி அழுத்துகிறதாம்.

ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். "போட்டி முடிந்த பிறகு" என்றாள். அப்புறம் கேட்டேன் — ஆடுகிறாயா என்று.

ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆடுகிறேன். வெளிநாட்டு ஆள் எதிரே உட்கார்ந்து பத்து மாதம் ஆகிறது. வீட்டில் கம்ப்யூட்டரோடு ஆடி ஆடி, ஜெயித்தே தீர வேண்டும் என்ற கோபமே எனக்கு வருவதில்லை, ஷர்மிளா."

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு அவள் விசா நினைப்பு வந்தது.

ஜூன் 18, புதன்

மதியழகன் சார் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். சும்மா இருக்க முடியாத மனுஷன். காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊர், சர்வதேசப் போட்டிக்கு வைக்காமல் விடுமா. பத்துப் பேர் முகம், பக்கத்தில் அவரவர் கொடி, மேலே 'வருக வருக', ஓரத்தில் கைகூப்பியபடி சார். அதைக் கொண்டுபோய்க் கட்டியது காந்தி ரோட்டு முனையில். அவளுடைய லாட்ஜிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். மஹ்பூபா முகம் தர்பூசணி சைஸில், பச்சையில் சிவப்பு வட்டம் போட்ட கொடியோடு.

கம்பெனி டீ நேரத்தில் கவுஸ் பாஷா பாய் போன்.

"இன்னாம்மா இது, என் ரூம் நம்பர் பதினொண்ணு ரோட்டுல தொங்குது?"

சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். கத்தவில்லை.

"வெளிநாட்டுக்காரங்க வந்தா நான் சி ஃபார்ம் போட்டு போலீசுக்கு அனுப்பணும். எதுக்கு வந்தாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அம்மாவுக்குத் தொணைன்னு எழுதி அனுப்பியிருக்கேன். ஸ்டேஷன்காரர் தெனம் இந்த முனையிலதான் டீ குடிக்கறாரு. புடிச்சா நாட்ட விட்டுப் போன்னுடுவாங்க, மறுபடி விசாவே கெடைக்காது. போன வருஷம் ஒரு பையன் துணி வாங்கி யாவாரம் பண்ணப்போயி அப்படித்தான் போய்ட்டான். அவன் அப்பா இங்க தனியா கெடந்தாரு. இருபத்திநாலாந் தேதி அந்தம்மாவுக்கு ஆபரேஷன். கையெழுத்து யாரும்மா போடுவா?"

"இருபத்திநாலா? போட்டி முடிஞ்ச பிறகுன்னு சொன்னாளே பாய்."

"என்கிட்ட அட்மிஷன் சீட்டக் காட்டுனாங்களே."

வைத்துவிட்டார். சாயந்திரம் சார் குலுக்கல் போட்டு அட்டவணை அனுப்பினார். நான்காவது சுற்று, 24 ஜூன், காலை பத்து மணி: ஷர்மிளா – மஹ்பூபா.

ஜூன் 19, வியாழன்

இன்று டேபிளில் இரண்டு இடது ஷூவை ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட்டேன். துரைசாமி அண்ணன் எடுத்துக் காட்டினார். 

அவ ஏன் மறைச்சா? எனக்காகவா, அவளுக்காகவா? போனில் கேட்டேன். "இரண்டு பேருக்காகவும்தான்" என்றாள். கையெழுத்தை முந்தின நாளே போட்டுவிடலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, வந்து எனக்கெதிரே உட்கார்ந்து ஆடி, முடித்துவிட்டுத் திரும்பிப் போவாளாம். "நீ வேண்டாம் என்று சொன்னால் நான் ஆட மாட்டேன். ஆனால் அதை நீ சொல்ல வேண்டும்" என்றாள்.

எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. எனக்கு இருபத்தியேழு வயசு, இன்னொரு ஒம்போது நாள் லீவு எப்ப கெடைக்கும்? ஆனா அன்னிக்கு அவ எதிர்ல உக்காந்து நான் கடிகாரத்த அமுக்கணும். அது என்னால ஆகாது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் "சரி" என்றாள். அந்தச் சரியில் எனக்கு நன்றியெல்லாம் இல்லை, கோபம்தான் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

சார் காலையில் கத்தினார். "ஆறு மாசம் நாயா அலைஞ்சேன். ஒனக்காகத்தாம்மா பண்ணேன்." பிறகு குரல் இறங்கி, "அந்த ஆபரேஷன் விஷயத்த முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். முன்னாடி எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவளுக்குப் பதில் ஆற்காட்டுக் கல்லூரிப் பெண் சௌமியாவைச் சேர்த்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் மூன்றே பேர், இனி எங்களுக்கு நார்ம் இல்லை.

சென்னைப் பெண் ஒருத்தியின் அம்மாவும் போனில் பிடித்துக்கொண்டார். அவர் மகளுக்கும் இதில் நார்ம் போயிற்று. "ஒங்க ஃப்ரெண்டுக்காக என் பொண்ணு வருஷம் வீணாப்போச்சு." அவர் சொல்வதும் நியாயம். 

ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சார் ஆளனுப்பவில்லை. நானும் கவுஸ் பாஷா பாயும் பூக்கடை ஏணியை வாங்கி அவிழ்த்தோம். டீக்கடையில் ஸ்டேஷன்காரர் உட்கார்ந்திருந்தார். "போட்டி கேன்சலா?" என்று கேட்டார். "தப்பா பிரிண்ட் ஆயிருச்சு சார்" என்றார் பாய்.

ஜூன் 21, சனி
மங்கோலியா. டிரா.

ஜூன் 22, ஞாயிறு
ஜெயித்தேன். கோயிலுக்குப் போகவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம்.

ஜூன் 23, திங்கள்
டிரா. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்.

ஜூன் 24, செவ்வாய்

சௌமியாவை இருபத்தாறு நகர்த்தலில் ஜெயித்தேன். நல்ல பெண், முகம் சிவந்துபோயிற்று. ஹாலில் போன் கிடையாது. முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மஹ்பூபா வராந்தாவில் ஆன்ட்டியின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்களாம். நடுவில் ஒருமுறை டாக்டர் வெளியே வந்து, நரம்போடு ஒட்டியிருக்கிறது, கூடுதலாக எடுக்க வேண்டும் என்று சொல்லி இன்னொரு கையெழுத்து வாங்கினாராம்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்றே கால்."

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மூன்று மணிக்கு நல்ல சேதி வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

முடிந்தது. ஆறு புள்ளி. இரண்டாவது இடம்.

ஆறு. ஒரு நார்முக்கு வேண்டிய அதே ஆறு. சார் கோப்பையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். அம்மா கதவைத் தட்டி, "தண்ணி தீந்துருச்சாடி?" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

நாளை அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். லாட்ஜ் மொட்டை மாடியில், காய்கிற புடவைகளுக்கு நடுவே, போர்டு, கடிகாரம், நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட் எல்லாம் வைத்து முறையாக ஆடினோம். அட்டவணையில் இருந்தபடி எனக்கு வெள்ளை. ஆன்ட்டி கழுத்தில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து பேடா சாப்பிட்டார். கவுஸ் பாஷா பாய் தண்ணீர் டேங்கைப் பார்க்க வந்தவர் நின்றுவிட்டார்.

"இது அந்தப் போட்டியா?"

"இல்ல பாய், சும்மா."

"சும்மான்னா சரி. அதுக்கு ஃபார்முல கட்டம் இல்ல."

நான்கு மணி நேரம். தோற்றேன். மஹ்பூபாவுக்குக் கோபம் வந்திருந்தது, நன்றாகத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். 24ஆம் தேதி அவள் வந்திருந்தால் எனக்கு ஐந்துதான், நார்ம் கிடைத்திருக்காது. இல்லை, அன்றைய மனநிலையில் அவள்தான் தோற்றிருப்பாள், எனக்குக் கிடைத்திருக்கும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் ஷீட் என்னிடம் இருக்கிறது. 'சுற்று' என்ற இடத்தில் மஹ்பூபா 4 என்று எழுதியிருக்கிறாள். அதை ஃபைலில் மூன்றாவது உறையில் போட்டேன். நாளை காலை ஏழு மணி ஷிஃப்ட்.