முழுசாகச் சொன்னேன், அப்பா

தோளைத் தட்டிக் கூப்பிட்டே பழகிய என் அப்பாவுக்கு,

உன் மகள் இப்போது டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. உன்னையும் அம்மாவையும் போன்ற காது கேளாதவர்களின் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்து வாங்கிய பட்டம். போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் தேர்வு நடந்தது. அதற்குப் பெயர் வாய்மொழித் தேர்வாம். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருப்பாய்?

அம்மா நன்றாக இருக்கிறாள். செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்துவைத்துவிட்டு, வீடியோ காலில் இரண்டு கையாலும் ஊர்க்கதை பேசுகிறாள். சோறு அடிபிடித்துப் போகிறது. என்னை இன்னும் நீ வைத்த சைகைப் பெயரில்தான் கூப்பிடுகிறாள். கைக்குழந்தையாக உன் மீசையைப் பிடித்து இழுத்தேன் என்று, மீசை முறுக்குவதையே எனக்குப் பெயராக வைத்தாயே, பெண் குழந்தைக்கு வைக்கிற பெயரா அது?

திண்டிவனத்தில் நான் எட்டாவது படித்தபோது, கிரில் பட்டறையிலிருந்து நேராக நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தது நினைவிருக்கிறதா? சட்டையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட ஓட்டை. டீச்சர் என்னிடம், "உங்கப்பாருக்கு இன்னா புரியப் போவுது? கையெழுத்த மட்டும் வாங்கிக்கினு அனுப்பு" என்றார். நான் உன்னிடம், 'நன்றாகப் படிக்கிறேனாம்' என்று கையில் சொன்னேன். வெளியே வந்ததும் நீ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாய். அப்போதுதானே உனக்குப் பேச இரண்டு கையும் கிடைக்கும். 'அந்தம்மா முகமும் உன் கையும் ஒத்துப்போகவில்லை. எனக்கு வலிக்குமா என்று நீ முடிவு பண்ணாதே. சொன்னதை முழுசாகச் சொல்' என்றாய்.

அப்படி வளர்ந்தவள் முகையூர்ப் பக்கம் போய் என்ன செய்தேன் தெரியுமா? அங்கே செல்வி அக்கா என்று ஒருவர். அவருக்கும் கணவருக்கும் காது கேட்காது. ஆய்வுக்காக அவரிடம் பேச உட்கார்ந்ததும் அவருடைய கொழுந்தன் நடுவில் புகுந்து, "அதுக்கு இன்னாங்க தெரியும்? நான் சொல்றேன், ஜல்தியா எழுதிக்குங்க" என்றார். நானும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். எதிரே அக்கா சைகையில் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. நம் ஆட்களிடம் கண்ணை எடுப்பது, முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிற மாதிரி அல்லவா? நிமிர்ந்து பார்த்தால், அவர் எழுந்து போய் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை வேலையில் இறங்கிவிட்டது, அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நோட்டு இல்லாமல் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, முறத்தைத் தள்ளி வைத்தார். மத்தியானம் வரைக்கும் பேசினார். செல்போன் அதைப் படம் பிடித்தது, நான் அவரை மட்டுமே பார்த்தேன். அன்று அவர் சொன்னதுதான் என் ஆய்வுக்கு உயிர். ஆனால் முதல் நாள் நடந்ததை மட்டும் ஆய்வேட்டில் எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

தேர்வன்று முன்வரிசை முழுக்க நம் ஆட்கள். அம்மா பக்கத்தில் செல்வி அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் அவரைப் பார்த்து, "இவங்க ஆராய்ச்சியப் பத்தி நீங்க இன்னாம்மா நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் சைகையில் கேட்டேன். அக்கா எழுந்து நின்று சொன்னார்: 'முதல் நாள் இவளும் என்னைப் பார்க்கவில்லை. கொழுந்தன் சொன்னதைத்தான் எழுதினாள். கோபத்தில் எழுந்து போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து என்னைக் கேட்டாள்.'

அன்று அந்த அரங்கில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'நல்ல ஆராய்ச்சி என்கிறார்' என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஐந்து வருஷ உழைப்பு, பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். அம்மா கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுசாகச் சொன்னேன், அப்பா. அவர் எழுந்து போனதையும் சேர்த்து.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஏன் ஆய்வேட்டுல இல்ல?"

"மறைச்சிட்டேன் சார்."

"மொதப் பக்கத்துலயே சேர்த்துடுங்க" என்றார். பிறகு அவர்கள் கூடிப் பேசி, தேர்ச்சி என்று அறிவித்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்து ஆட்டிக் காட்டினாள். நம் ஆட்களின் கைதட்டல் அதுதானே. பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவர்களும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டாளா? என்னைப் பார்த்து மீசையை முறுக்கினாள். செல்வி அக்காவும் முறுக்கினார். முன்வரிசையில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் முறுக்கினார்கள்.

"இன்னாம்மா, எல்லாரும் மீசைய முறுக்குறாங்க?" என்று தேர்வாளர் கேட்டார்.

"என்னைக் கூப்பிடுறாங்க சார். அது எங்கப்பா வெச்ச பேரு."

முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். செல்வி அக்காவிடம் சைகையில் சொல்லிக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும். யாருக்கு வலித்தாலும், எனக்கே வலித்தாலும், இனி எவர் சொன்னதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். உன் மேல் ஆணை.

உன் மீசையைப் பிடித்து இழுத்த மகள்